மூன்று புள்ளடி

லண்டனில் எங்கள் பக்கத்தில் ஒரு வட்டாரத்துக்கு மூன்று கவுன்சிலர்கள். வாக்குச்சீட்டு ஒன்றுதான், ஆனால் அதில் மூன்று பெயருக்கு நேரே பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போடலாம். ஆகக் கூடுதலான வாக்கு எடுத்த மூன்று பேர் உள்ளே போவார்கள். கட்சிக்கு மூன்று பேராக நிறுத்துவதால் எங்கள் சீட்டில் ஒன்பது பெயர், குடும்பப்பெயரின் ஆங்கில எழுத்து வரிசையில். இவ்வளவுதான் விசயம். தொண்ணூறாம் ஆண்டு மே மாதத்துக்கு முன்னால் இதை எத்தனை வீட்டு வாசலில் நின்று விளங்கப்படுத்தினேன் என்று கேட்காதீர்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும். கேட்காமலே வந்துவிட்டது.

எந்த வட்டாரம், எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை. அந்த ஆட்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள், கிறிஸ்மஸுக்கு ஒழுங்காக நத்தார் மடல் அனுப்புகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் நான் கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், லிகிதராக எழுத்து வேலை பார்த்தவள். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக் கடமைக்கும் போவேன். எண்பத்து நாலில் இங்கே வந்து ஒரு பாடசாலைச் சாப்பாட்டறையில் பிள்ளைகளுக்குப் பட்டாணியும் உருளைக்கிழங்கும் அள்ளி வைக்கிற வேலை கிடைத்தது. வேலை மாறினாலும் லிகிதர்ப் புத்தி மாறவில்லை. சுற்றியிருந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் படிவம் நிரப்புகிற ஆள் நான்தான். ஹோம் ஒபிஸ் படிவம், பெனிபிட் படிவம், கவுன்சில் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிற வீட்டுக்கான படிவம் என்று பின்னேரங்களில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் கடுதாசிதான் கிடக்கும். வருகிற எல்லோருக்கும் ஒரே பாடம்தான் படிப்பித்தேன்: ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. வெறுமையாக விட்டால் கடுதாசி திரும்பி வரும். திரும்பி வந்தால் மூன்று மாதம் போகும். பொருந்தாவிட்டால் "பொருந்தாது" என்றாவது எழுது, ஆனால் விட்டுவிடாதே. சனம் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. பிறகு அதே பாடம் என் தலையிலேயே விழுந்தது.

கவுன்சில் வீட்டுப் படிவத்தோடு வந்தவர்களில் ஒருத்தியை நான் மறக்கமாட்டேன். புருசன், மூன்று பிள்ளைகள், எல்லோரும் ஒரே அறையில். அந்த அறையின் ஈரச்சுவர் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போயிருந்தது. நடுவிலான் பிள்ளைக்கு மாரி முழுக்க இழுப்பு. அவளோடு கவுன்சில் கவுண்டருக்கு எத்தனை தரம் போனேன்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஒவ்வொரு தரமும் நல்ல மரியாதையாக, "இது எங்கள் கையில் இல்லை, குழு தீர்மானிக்கிறது" என்பாள்.

குழு என்றால் யார்? கவுன்சிலர்கள்தான். பொதுசனமும் வந்து பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். பெரிய பளபளப்பான மேசை, தண்ணீர்க் குவளைகள், பிஸ்கட். நெருக்கடியில் இருக்கிற வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒன்றாகக் கூடி இருப்பது அவர்களுடைய வழக்கம். அவர்களுக்கு அது பிடிக்கும்." இரண்டு பேர் தலையாட்டினார்கள். அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்கள்.

எழும்பிக் கத்தியிருக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் பேசக்கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. கச்சேரிப் புத்தி, அதற்கும் கீழ்ப்படிந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் முடிவெடுத்தேன். அந்த மேசையில் எங்களில் ஒருத்தர் இருக்க வேண்டும். வேறு யாரும் போவதாகத் தெரியவில்லை. நான் போவேன்.

கட்சியில் சேர்ந்து ஒன்றரை வருடம் கூட்டங்களில் கதிரை அடுக்கினேன், தேத்தண்ணி ஊற்றினேன். பிறகு தமிழ் வீடுகள் கூடிவிட்டதைக் கட்சியும் கண்டுபிடித்தது. என்னை மூன்றாவது ஆளாகத் தெரிவு செய்தார்கள். கைதட்டினார்கள். தலைவர் என் கையைப் பிடித்து, இது ஒரு சரித்திரம் என்றார். நானும் நம்பினேன்.

மற்ற இரண்டு பேருக்கும் நான் மனதுக்குள் பட்டம் வைத்திருந்தேன். ஒருவர் குடைக்காரர். ஏற்கெனவே கவுன்சிலர், வெயிலடித்தாலும் குடையோடுதான் வருவார். மற்றவர் நாய்க்காரி. வாக்குக் கேட்கப் போகும்போதும் குதிரைக்குட்டி அளவு நாய் ஒன்றைக் கொண்டுவருவார். முதல் நாள் எங்கள் தெருவுக்கு அவரும் வந்தபோது நாயைக் கண்டதும் ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை, கடிதம் போடுகிற ஓட்டைக்குள்ளால் கதைத்தார்கள். அதோடு வேலை பிரிக்கப்பட்டது. "உங்கள் ஆட்களை நீங்கள் பாருங்கள், மற்றத் தெருக்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார் குடைக்காரர். எனக்கு அது நியாயமாகவே பட்டது. மற்றத் தெருக்களில் என் முகத்தைத் துண்டுப்பிரசுரத்தில் மட்டும்தான் கண்டிருப்பார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

என் ஆட்களைப் பார்ப்பதென்றால் லேசா? முதலில் அவர்களுடைய பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்க வேண்டும். இடாப்புக்கான படிவம் அதற்கு முந்தின இலையுதிர்காலத்திலேயே வந்துவிட்டது. பாதிப்பேருக்குத் தங்களுக்கு வாக்கு இருக்கிறதென்றே தெரியாது.

"அக்கா, எங்களிட்ட இலங்கைப் பாஸ்போட்தானே இருக்கு. எங்களுக்கெப்பிடி வோட்டு?"

"இருக்கு. பொதுநலவாய நாட்டுக்காரருக்கு இருக்கு. பேரை எழுதும்."

மற்றப் பாதிப்பேருக்குத் தலைவரிப் பயம். அந்த வருசம்தான் ஆளுக்கு இவ்வளவு என்று வரி வருகிறதென்று ஊரெல்லாம் கதை. வீட்டில் எட்டுப் பேர் இருந்தால் வீட்டுக்காரர் தன் பெயரை மட்டும் எழுதிவிட்டு மற்ற ஏழு பேரையும் காற்றில் கரைத்துவிடுவார். அவர்களோடு மல்லுக்கட்டினேன். வரிக்காரன் உங்களை எப்படியும் கண்டுபிடிப்பான், வாக்கு மட்டும்தான் உங்களைத் தேடி வராது என்றேன். சிலர் ஏசினார்கள். ஒருவர் நான் கவுன்சிலின் ஒற்றர் என்று கடையில் வைத்துச் சொல்லியிருந்தார். ஆனாலும் பெயர்கள் ஏறின. ஒரு மாரி முழுக்க அந்த வேலைதான். மோர்டனில் இருக்கிற மச்சாள் தொலைபேசியில் கூப்பிட்டால் என் புருசன் இவர்தான் எடுத்து, "அவ வாக்கு வேட்டைக்குப் போயிட்டா" என்று சொல்லுவார்.

வசந்தம் வந்ததும் இரண்டாம் பாடம். வெறும் தாளில் ஒன்பது கோடு கீறி, மூன்று இடத்தில் கட்டம் போட்டு, வீடு வீடாகக் காட்டினேன். குடைக்காரருக்கு ஒன்று, நாய்க்காரிக்கு ஒன்று, கடைசி வரியில் எனக்கு ஒன்று. "மூண்டு புள்ளடி. ஒண்டையும் வெறுமையா விடக்கூடாது." வழக்கமான வசனம்தானே, தானாகவே வந்தது. சனமும் தலையாட்டியது. கட்டத்தை வெறுமையாக விட்டால் என்ன நடக்கும் என்று என்னிடமே படித்தவர்கள் அல்லவா!

தடுத்தவர் ஒரே ஒருவர், பலசரக்குக் கடை அண்ணை. கொழும்பில் மூன்று பேரைத் தெரிவு செய்கிற தொகுதியில் இருபது வருசம் இருந்தவர். என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தராசுத் தட்டில் வைத்தார்.

"தங்கச்சி, மூண்டு எண்டு ஏன் சொல்லுறீர்? எங்கட சனம் உமக்கு மட்டும் ஒண்டு போட்டாப் போதும். மற்ற ரெண்டையும் விடச் சொல்லும்."

"அதெப்பிடி அண்ணை? அவை ரெண்டு பேரும் என்ர ஆக்களெல்லே."

"அவையின்ர சனம் உமக்குப் போடுமோ?"

"போடுவினம். ஒரே கட்சி."

"போடாட்டி?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் புத்தி எங்கே போனாலும் இப்படித்தான், வந்த நாட்டிலும் குழிபறிப்பா என்று கடைக்குள் நின்றே ஏசினேன். மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணை தாளை மடித்துத் தந்தார். அந்த மனிசனிடம் நான் பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதுபடுத்தவில்லை, எனக்குத்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

தேர்தல் நாள் வியாழக்கிழமை. வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காலை ஏழு மணியிலிருந்து வாக்குச்சாவடி வாசலில் நின்றேன். எங்கள் சனம் கோயிலுக்கு வருகிற மாதிரிக் குளித்து உடுத்துக் குடும்பம் குடும்பமாக வந்தது. ஷிப்ட் முடித்து நித்திரை கொள்ளாமல் வந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். ஈரச்சுவர்க்காரியும் புருசனோடு வந்தாள், நல்ல சேலை கட்டியிருந்தாள். வெளியே வரும்போது மூன்று விரலைக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எண்ணுவது அடுத்த நாள் காலை, ஒரு மண்டபத்தில். வேட்பாளர்கள் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், தொடக்கூடாது. ஒரே கட்சிக்கு மூன்று புள்ளடியும் விழுந்த சீட்டுகளைத் தனியாகக் கட்டுகிறார்கள். அது சுகமான வேலை. கலந்து போட்ட சீட்டுகளையும் குறையப் போட்ட சீட்டுகளையும் ஒருவர் ஒவ்வொன்றாக வாசிக்க, மற்றவர் பெரிய தாளில் பெயருக்கு நேரே கோடு போடுகிறார். தலைகீழாக வாசிக்கக் கச்சேரியிலேயே பழகியிருந்தேன். அதனால் அவர் வாய் திறக்க முன்னமே சீட்டில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் இருந்திருக்கலாம்.

குடைக்காரருக்குப் புள்ளடி. நாய்க்காரிக்குப் புள்ளடி. என் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. அடுத்த சீட்டு, அதேதான். அதற்கடுத்ததில் அவர்கள் இருவருக்கும் போட்டு, மூன்றாவதை எனக்கு ஒரு வரி மேலே நின்ற எதிர்க்கட்சிக்காரருக்குப் போட்டிருந்தது. அடுத்தது, அடுத்தது, அடுத்தது. வாசித்தவர் ஒரு இளந்தாரி. கொஞ்ச நேரத்தில் என் முகத்தைப் பார்க்காமல் வாசிக்கத் தொடங்கினான். நான் அசையாமல் நின்றேன். கட்டின கட்டுகளுக்குள், மூன்று புள்ளடியும் ஒழுங்காக, கோட்டில் முட்டாமல், கட்டத்துக்கு நடுவில் போட்ட சீட்டுகள் இருந்தன. யாருடையதென்று சொல்ல ஏலாது, வாக்கு இரகசியம். எனக்குத் தெரியும்.

முடிவை வாசித்தார்கள். குடைக்காரர் முதலாவது, நாய்க்காரி இரண்டாவது, அந்த எதிர்க்கட்சிக்காரர் மூன்றாவது. நான் நாலாவது, அவருக்குப் பதினாலு வாக்குக் குறைவு. நாய்க்காரி என்னைவிட அறுபது வாக்குகூட முன்னுக்கு இல்லை. எங்கள் வீடுகளிலிருந்து அவருக்குப் போனது நூறுக்கு மேலே. சனம் எனக்கு மட்டும் போட்டு மற்ற இரண்டையும் விட்டிருந்தால் அவர் எனக்குக் கீழே, நான் உள்ளே. கடை அண்ணை சொன்னது இதைத்தான். பென்சில் இல்லாமல் அந்த இடத்திலேயே கழித்துப் பார்த்துவிட்டேன். என் சனத்தின் வாக்கை நானே கையைப் பிடித்து அழைத்துப்போய் அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

நாய்க்காரி கட்டிப்பிடித்து அழுதார். "உங்கள் ஆட்கள் அற்புதம்" என்றார். தலைவர் வந்து சமாதானம் சொன்னார். எழுத்து வரிசைதான் காரணமாம், என் பெயர் ஆகக் கடைசியில், சனம் கீழே வரமுதல் களைத்துவிடுமாம். வென்ற எதிர்க்கட்சிக்காரர் ஒன்பதில் எட்டாவது. எட்டு வரைக்கும் களைக்காமல் வந்த சனம் ஒன்பதில் களைத்து விழுந்துவிட்டதா? கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு அந்தப் பக்கம் போனார். தோளைத் தட்டுகிறார்! நான் என்ன மாடா?

பாடசாலையில் திங்கட்கிழமை வழக்கம்போலப் பட்டாணி அள்ளினேன். புதன்கிழமை வேலை முடிந்து வர வாசலில் ஒரு கட்டு இருந்தது. நன்றித் துண்டுப்பிரசுரம். எங்களைத் தெரிவு செய்ததற்கு நன்றி என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே இரண்டு முகம். போன மாதம் மூன்று முகம் இருந்த அதே இடத்தில், அதே படங்கள், என்னுடையதை வெட்டிவிட்டு மற்ற இரண்டையும் கொஞ்சம் பெருப்பித்திருந்தார்கள். கட்டுக்கு மேலே குடைக்காரரின் கையெழுத்தில் ஒரு துண்டு. வழக்கமான உங்கள் தெருக்களுக்கு, அன்புடன்.

கொண்டுபோனேன். ஏன் போனேன் என்று இவர் கேட்டார், எனக்கே தெரியாது. கொடுத்த வேலையைச் செய்து பழகின உடம்பு. கடிதத்துளைக்குள் தள்ளிவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிடலாம் என்று நினைத்து ஒரு தெருவை முடித்தேன். அடுத்த தெருவில் ஈரச்சுவர்க்காரி என்னை ஜன்னலால் கண்டு கதவைத் திறந்துவிட்டாள். கையில் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. படம் பார்க்கத் தெரியும்.

"அக்கா, உங்கட படத்தைக் காணேல்லை?"

"நான் தோத்திட்டன்."

"எப்பிடி? நாங்கள் மூண்டும் போட்டனாங்களே. இவரும் போட்டவர். மேல்வீட்டில இருக்கிற நாலு பேரும் போட்டவை. ஒண்டும் வெறுமையா விடேல்லை."

"தெரியும்."

அவள் திரும்பவும் அந்த இரண்டு முகத்தையும் பார்த்தாள். "அப்ப இவை ரெண்டு பேரும் எங்கட வோட்டாலயோ வந்தவை?"

"ஓம்."

உள்ளே பிள்ளை இருமியது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "நாங்கள் ஏதும் பிழை விட்டிட்டமோ அக்கா?"

எனக்கு வந்த ஆத்திரத்தை எந்த மொழியில் எழுதுவதென்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தரம் வாக்குப் போட்டவள், சொன்னதைச் சொன்னபடி செய்தவள், என்னிடம் தான் விட்ட பிழை என்ன என்று கேட்கிறாள். பிழை விட்டவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். "இல்லையம்மா, நீர் ஒரு பிழையும் விடேல்லை. சொல்லித் தந்ததில நான் விட்டனான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மிச்சக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் குடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். பிரசுரமெல்லாம் கொடுத்து முடிந்துவிட்டதா என்று விசாரித்தார். ஒரு தெருவும் ஒரு வீடும் முடிந்தது, மிச்சத்தை நீங்களே வந்து எடுத்துக்கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன். கதவைத் திறந்து ஏன் இரண்டு முகம் என்று கேட்பார்கள், அதற்கும் நீங்களே பதில் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு விளங்கவில்லையாம். விளங்கப்படுத்தினேன். பூஞ்சணச் சுவரிலிருந்து பளபளத்த மேசை வரைக்கும், இலையுதிர்காலத்து இடாப்பிலிருந்து மண்டபத்தில் நான் தலைகீழாக வாசித்த சீட்டு வரைக்கும், என்னிடமிருந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்து விளங்கப்படுத்தினேன். இவர் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார், குரல் அவ்வளவு.

அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் இன்னும் எரிச்சல். "எங்கள் தெருக்களில் மூன்று பேருக்கும் போடச் சொல்லித்தான் கேட்டோம். உள்ளே போய் ஒருவர் என்ன செய்வார் என்பதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்றார்.

அவர் வீடும் அதே வட்டாரத்தில்தான். அது எனக்கு அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது.

"நீங்கள் எத்தனை புள்ளடி போட்டீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த நாட்டில் வாக்கு இரகசியமானது, அப்படிக் கேட்பது முறையல்ல என்றார்.

"நான் மூன்று போட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.